சேட்டிலைட் படமா, ரேடாரா, மாடலா: பந்தல் துணியை இறக்க எதை நம்புவது?

என் மச்சான் காஞ்சிபுரம் பக்கம் பந்தல் போடுகிறவர். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், ஆடித் திருவிழா, எதுவானாலும் சரி. எனக்கு வானிலைப் படங்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிற பைத்தியம் உண்டு என்பது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும், அதனால் மேற்கே கறுத்தால் முதல் போன் எனக்குத்தான். "மாமா, துணிய இறக்கிடட்டுமா வேணாமா? ஒரே வார்த்தைல சொல்லுங்க." மழை அவருக்குப் பெரிய பிரச்சினை இல்லை. துணியில் தேங்கும் தண்ணீரைக் கம்பால் தள்ளிவிடலாம், நனைந்தால் காயவைக்கலாம். காற்றுதான் பிரச்சினை. சாமியானாவுக்குள் காற்று புகுந்தால் அது பந்தலாக இருக்காது, பாய்மரமாகிவிடும்.

சில வருடங்களுக்கு முன் ஓர் ஆகஸ்ட் மாலை, வாலாஜாபாத் பக்கம் ஒரு வரவேற்பு. ஆறரை மணிக்குப் போன் வந்தது. சேட்டிலைட் லூப்பைத் திறந்தேன். வேலூர், ராணிப்பேட்டை மேல் ஒரு பெரிய வெள்ளைத் திரள். படம் படமாக ஓட்டிப் பார்த்தால் அது மேற்கே, கர்நாடகா பக்கம் விரிந்துகொண்டே போனது. நிம்மதியாகச் சொன்னேன்: "மச்சான், மேகம் மேற்கே போகுது, நம்ம பக்கம் வராது, சாப்பாட்ட ஆரம்பிக்கச் சொல்லு." ஏழே முக்காலுக்குத் திடீரென்று குளிர்ந்த காற்று, மண்வாசனை, அடுத்த நிமிடமே பக்கத் துணி எல்லாம் ஊதிய பை போல் உப்பி, ஓரத்துச் சவுக்குக் கம்பு ஒன்று குழியிலிருந்து மண்ணோடு பிடுங்கிக்கொண்டு மேலே எழுந்ததாம். யாரோ ஜெனரேட்டரை நிறுத்தச் சொல்லிக் கத்த, இலையில் சோறு போட்டுக்கொண்டிருந்தவர்கள் வாளியோடு மண்டபத்துத் திண்ணைக்கு ஓடியிருக்கிறார்கள். யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் ஒரு மாதம் மச்சான் எனக்குப் போன் செய்யவில்லை.

படம் பொய் சொல்லவில்லை. மேகம் மேற்கே போனது உண்மை, ஆனால் இடிமழை கிழக்கே வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி நடக்கும் என்பதை நான் அதற்கப்புறம்தான் ஒழுங்காகப் படித்தேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே, சுமார் 14, 15 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வேகமான காற்றோட்டம் ஓடுகிறது. 1950களில் பி. கோட்டேஸ்வரம் என்ற நம் நாட்டு வானிலை விஞ்ஞானி விவரித்த கீழைக்காற்று ஜெட் இதுதான். இடிமேகம் வளர்ந்து அந்த உயரத்தை முட்டியதும் அதன் தலை இந்தக் காற்றில் மாட்டி, பாயை விரித்தாற்போல் மேற்கே இழுபடும். ஆனால் மழையைக் கொட்டுகிற உடம்பு கீழே, தென்மேற்குப் பருவக்காற்றின் மேற்குக் காற்றுக்குள் இருக்கிறது, அது சென்னையைப் பார்த்து நகரும். வட தமிழ்நாட்டில் ஆடி, ஆவணி மாதங்களில் ராத்திரி எட்டு ஒன்பது மணிக்கு மேற்கிலிருந்து வந்து அடிக்கிற மழைகள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. சேட்டிலைட் மேலேயிருந்து பார்ப்பதால் அதற்குத் தெரிவது தலை மட்டும். தலை போகிற திசையை ஆள் போகிற திசை என்று நான் நம்பியதுதான் கோளாறு.

இது போக மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. பந்தலைத் தூக்கிய காற்று, மேகத்தைத் தள்ளுகிற காற்றே இல்லை. மழைத்துளிகள் விழும்போது வறண்ட காற்றில் கொஞ்சம் ஆவியாகி, அந்தக் காற்றைக் குளிரவைக்கும். குளிர்ந்தால் கனம் கூடும், கனத்தால் அது தொப்பென்று கீழே விழும், தரையில் மோதி நாலாபக்கமும் ஓடும், வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டினால் ஓடுகிற மாதிரி. மழை வருவதற்குக் கால்மணி, அரைமணி முன்னாலேயே அடிக்கிற குளிர்காற்று இதுதான். இதன் வேகம் மேகம் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதை மட்டும் பொறுத்ததில்லை. மேகத்துக்கு அடியில் காற்று எவ்வளவு வறண்டிருக்கிறது, மேகம் எவ்வளவு தண்ணீரைச் சுமந்துகொண்டிருந்தது, எல்லாம் சேர்ந்தது. ஆகவே மேக நகர்வை அளந்து "இத்தனை கிலோமீட்டர் வேகத்தில் காற்றடிக்கும்" என்று யாராவது சொன்னால், கரையோர இடிமழை விஷயத்தில் நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அப்படியானால் சேட்டிலைட் படத்தைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்றால், கூடாது. அதில் பார்க்கவேண்டியது நகர்வை விட வளர்ச்சி. அகச்சிவப்புப் படத்தில் மேகத் தலையின் வெப்பநிலை தெரியும். தலை உயரமாகப் போகப் போகக் குளிர்ச்சி கூடும். மைனஸ் 70 டிகிரிக்குக் கீழே போய்விட்டால் அது வளர்ந்து முடிந்த பெரிய ஆள் என்று அர்த்தம். கவனிக்கவேண்டியது அதற்கு முந்தைய கட்டம்: மூன்று மணிக்குச் சின்னப் பொட்டாக இருந்தது மூன்றே காலுக்கு எத்தனை டிகிரி இறங்கியிருக்கிறது? கால்மணி நேரத்தில் எட்டு டிகிரி அளவுக்குச் சரிந்தால் அடியில் காற்று மேலே எழும் தூக்கல் பலமாக இருக்கிறது, அடுத்த ஒரு மணி நேரத்தில் அங்கே ஏதோ நடக்கப்போகிறது. இன்னொன்று ஓரம். ஒரு திரளின் ஒரு பக்கம் கத்தியால் வெட்டினாற்போல் கூர்மையாகவும் மறுபக்கம் பஞ்சு பிய்ந்த மாதிரி மங்கலாகவும் இருந்தால், உயிருள்ள பக்கம் கூர்மையான பக்கம்தான். அன்று வேலூர்த் திரளின் கிழக்கு ஓரம் வெட்டிவைத்தாற்போல் இருந்தது. நான் மேற்கே பஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்ணம் பூசிய படங்களில் சிவப்பைப் பார்த்துப் பயப்படுவதும் இதே வகைத் தப்பு. மழை ஓய்ந்து செத்துப்போன மேகத்தின் பாயும் குளிர்ச்சியாகத்தான் இருக்கும், அதுவும் சிவப்பாகத்தான் தெரியும்.

நமக்குக் கிடைக்கும் படங்களிலும் வித்தியாசம் இருக்கிறது. இந்தியாவின் இன்சாட்-3டிஆர் 2016இலும் இன்சாட்-3டிஎஸ் 2024 பிப்ரவரியிலும் ஏவப்பட்டவை. நிலநடுக்கோட்டுக்கு மேல் ஏறக்குறைய நம் தலைக்கு நேராகவே நிற்கின்றன. ஒரு செயற்கைக்கோள் பூமியின் முழு வட்டத்தைப் படம் பிடிக்க அரைமணி நேரம் பக்கம் ஆகிறது, இரண்டு செயற்கைக்கோள்களை மாற்றி மாற்றி ஓட்டினால் கால்மணிக்கு ஒரு படம். பகல் வெளிச்சப் படத்தில் ஒரு புள்ளி ஒரு கிலோமீட்டர், அகச்சிவப்பில் நாலு கிலோமீட்டர், அதாவது வாலாஜாபாத் முழுவதும் ஒன்றிரண்டு புள்ளிக்குள் அடங்கிவிடும். ஜப்பானின் ஹிமாவாரி பத்து நிமிடத்துக்கு ஒரு படம் தருகிறது, படமும் துல்லியம், அதனால் பலரும் அதைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் அது நிற்பது 140.7 டிகிரி கிழக்கில், நம்மை அது ரொம்பச் சாய்வாகப் பார்க்கிறது. உயரமான கட்டடத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் அதன் உச்சி பின்னாலிருக்கும் வேறு தெருவின் மேல் தெரிகிற மாதிரி, 15 கிலோமீட்டர் உயர மேகத் தலை உண்மையான இடத்திலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் மேற்கே தள்ளித் தெரியும். கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்கே திக்கென்றது. திருத்தம் செய்யாத ஹிமாவாரி படத்தில் ஆற்காட்டுக்கு மேல் தெரிகிற மேகத்தலை நிஜத்தில் காஞ்சிபுரத்தின் மேலேயே இருக்கலாம். இன்சாட்டில் இதே பிழை நாலு கிலோமீட்டர் பக்கம்தான். வேகமாக வருகிற படமா, நேராகப் பார்க்கிற படமா என்றால், பந்தலுக்கு எனக்கு இரண்டாவதுதான்.

அமெரிக்காவின் கோஸ் வரிசைச் செயற்கைக்கோள்கள் ஆபத்தான பகுதியை மட்டும் குறிவைத்து ஒரு நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கும். அந்த வேகத்தில் மேகத் தலையில் குமிழ் எழும்பி அமுங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். கால்மணி இடைவெளியில் ஒரு குமிழ் பிறந்து செத்தே போயிருக்கும். இரண்டு படத்துக்கு நடுவில் மேகம் எவ்வளவு நகர்ந்தது என்று கணினியிடம் கேட்டு, அதே நகர்வை முன்னால் நீட்டிப் போடுகிற முறைகளும் உண்டு. பெரிய திரளுக்கு ஒரு மணி நேரம் வரை ஓரளவு தாங்கும். ஆனால் இன்னும் பிறக்காத மேகத்தை அது நகர்த்திக் காட்ட முடியாது. நம் ஊரில் முக்கால்வாசி வம்பு பண்ணுவதே, கடல்காற்று உள்ளே வந்து மேற்குக் காற்றோடு மோதும் இடத்தில் புதிதாய்ப் பிறக்கிறவைதான்.

ரேடாருக்கு வருவோம். சென்னைத் துறைமுகப் பகுதியில் இருக்கும் டாப்ளர் ரேடார் 2002 முதல் இயங்குகிறது, காரைக்காலிலும் ஒன்று உண்டு. பத்து நிமிடத்துக்கு ஒரு படம், அதுவும் மேகத்தின் தலையை இல்லை, வயிற்றில் இருக்கும் மழையைக் காட்டும் படம். அன்று நான் இதைத் திறந்திருந்தால் சிவப்புக் கோடு ஒன்று அரக்கோணம், காஞ்சிபுரம் பக்கம் பத்துப் பத்து கிலோமீட்டராக நெருங்குவதை ஒரு குழந்தைகூடச் சொல்லியிருக்கும். சில நாட்களில் மழைக்கு முன்னால் வில் மாதிரி ஒரு மெல்லிய கோடும் தெரியும். அது மழையே இல்லை, குளிர்காற்றின் முகப்பில் மாட்டிய தூசியும் பூச்சிகளும் ரேடாரில் பட்டுத் திரும்புவது. அந்தக் கோடு தெரிந்தால் யோசிக்கவே கூடாது, இறக்கவேண்டியதுதான்.

குறைகளையும் சொல்லவேண்டும். ரேடார் கதிர் நேராகப் போகிறது, பூமியோ வளைகிறது. அதன் மிகத் தாழ்ந்த அரை டிகிரிக் கதிர், 70 கிலோமீட்டர் தள்ளிக் காஞ்சிபுரத்தை எட்டும்போது தரையிலிருந்து சுமார் 900 மீட்டர் மேலே இருக்கும், 130 கிலோமீட்டரில் வேலூருக்குப் போகும்போது 2 கிலோமீட்டர் மேலே. அதனால் தரையோடு ஓடுகிற காற்று தூரத்தில் இருந்தால் கதிருக்கு அடியிலேயே நழுவிவிடும், அந்த வில் கோடும் பெரும்பாலும் ரேடாருக்குச் சமீபத்தில்தான் தெரியும். காற்று வேகம் காட்டும் படம் ஒன்றும் இருக்கிறது, ஆனால் அது ரேடாரை நோக்கி வருகிற அல்லது விலகிப் போகிற வேகத்தை மட்டும் சொல்லும், குறுக்கே போகிற காற்று அதற்குப் பூஜ்யம். மேற்கிலிருந்து சென்னையை நோக்கி வருகிற காற்றுக்கு இது அருமையாக வேலை செய்யும், காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, பராமரிப்புக்காக ரேடார் நிற்கிற நாட்களும் வரும், வேண்டும்போதுதான் வரும் என்பது என் மனக்குறை. ரேடார் தருகிற அவகாசம் முப்பது நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம்.

மாடல்கள், அதாவது வளிமண்டலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணினி போடும் முன்கணிப்புகள். விண்டி மாதிரி ஆப்பைத் திறந்து, ஊர்ப்பெயரைத் தட்டி, "ஏழு மணிக்குக் காற்று 14 கிலோமீட்டர்தான் போட்டிருக்கு" என்று காட்டுகிறவர்கள் நிறையப் பேர். ஐரோப்பிய மாடலின் கட்டம் ஏறக்குறைய 9 கிலோமீட்டர், அமெரிக்க ஜி.எஃப்.எஸ் 13 கிலோமீட்டர், 2025இல் இந்தியா கொண்டுவந்த பாரத் மாடல் 6 கிலோமீட்டர். ஒரு இடிமேகத்தில் மழை கொட்டுகிற பகுதியே இதற்குள் அடங்கிவிடும். கட்டத்துக்குள் நடப்பதை மாடல் சராசரியாகத்தான் பார்க்கும், சராசரியில் 60 கிலோமீட்டர்க் காற்று கரைந்து 14 ஆகிவிடும். இடிமழைக் காலத்தில் ஆப்பில் காற்று வரைபடத்தைப் பார்ப்பது வீண் என்பது என் கட்சி. வளிமண்டலம் எவ்வளவு கொதிநிலையில் இருக்கிறது, நடு உயரத்தில் காற்று வறண்டிருக்கிறதா, மாலை மழை எந்த மாவட்டங்களில் போட்டிருக்கிறது, இதைப் பார்த்தால் "இன்று உஷாராக இருக்கவேண்டிய நாள்" என்று காலையிலேயே தெரிந்துவிடும். அதற்கு மேல் அதனிடம் கேட்கக்கூடாது.

இவ்வளவு நேரம் சேட்டிலைட்டை மட்டம் தட்டினேன். ஆனால் கடலில் உருவாகும் புயல் என்று வந்தால் கதையே தலைகீழ். கரையை விட்டு ரொம்பத் தள்ளிப் போனால் ரேடார் எட்டாது, வானிலை நிலையங்கள் கிடையாது, கண் என்று இருப்பது மேலேயிருந்து பார்ப்பதுதான். மேகங்கள் எப்படிச் சுருள்கின்றன, சுருளின் கை எவ்வளவு தூரம் வளைந்திருக்கிறது, கண் தெளிந்திருக்கிறதா என்பதை வைத்தே காற்று வேகத்தை மதிப்பிடும் முறையை 1970களில் வெர்னன் டிவோராக் என்ற அமெரிக்கர் உருவாக்கினார். ஒன்று முதல் எட்டு வரை ஒரு எண். 2.5 என்றால் சுமார் 35 நாட், அதாவது மணிக்கு 65 கிலோமீட்டர், நம் கணக்கில் பெயர் சூட்டப்படும் புயல். 4 என்றால் 65 நாட், மணிக்கு 120 கிலோமீட்டர். நம் வானிலைத் துறையின் புயல் அறிக்கைகளில் இன்றும் இந்த எண் வருகிறது. மேகத்தின் வடிவத்தையும் அதன் மாற்றத்தையும் பார்த்துக் காற்றைச் சொல்வது இங்கே பலிக்கிறது, ஏனென்றால் சுழலும் மேகமும் அடிக்கும் காற்றும் ஒரே இயந்திரத்தின் பாகங்கள். ஆடி மாத இடிமேகத்தில் அப்படி இல்லை.

அதிலும் ஓட்டை உண்டு. 2017 நவம்பர் 29 அன்று இலங்கைக்குப் பக்கத்தில் தாழ்வு மண்டலமாக இருந்தது 30ஆம் தேதி காலையில் குமரிக் கடலில் ஒக்கி புயலாகிவிட்டது. ஒரு நாள்தான். ஆழ்கடலுக்குப் பல நாள் தங்கலுக்குப் போயிருந்த குமரி, கேரள மீனவர்களுக்கு அந்த ஒரு நாள் அவகாசம் அவகாசமே இல்லை, சேதி போய்ச் சேரவும் வழியில்லை. 2018இல் கஜா மாறாக நாலைந்து நாள் வங்கக்கடலில் வந்து, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் ஏறியது. ஆட்களை முன்கூட்டியே வெளியேற்ற முடிந்தது, தென்னையை நகர்த்த முடியவில்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயலாகுமா ஆகாதா என்று இரண்டு நாள் இழுத்து, 29ஆம் தேதிதான் ஆனது, மறுநாள் இரவு புதுச்சேரிப் பக்கம் ஏறிய பிறகும் நகராமல் நின்றுவிட்டது. கடல் பரப்பில் எழும் சிற்றலையை ரேடார் கதிரால் தடவிக் காற்று வேகத்தைச் சொல்லும் கருவி 2022இல் ஏவிய ஓஷன்சாட்-3இல் இருக்கிறது. மேகத்தைப் பார்த்து ஊகிப்பதை விட இது நேரடி. ஆனால் அது சுற்றி வருகிற செயற்கைக்கோள், நமக்கு வேண்டிய இடத்துக்கு மேல் எப்போது வருகிறதோ அப்போதுதான்.

வானிலை மையத்தின் நௌகாஸ்ட், அதாவது அடுத்த மூன்று மணி நேரத்துக்கான முன்னறிவிப்பு பற்றிக் கேட்பீர்கள். மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரு அனுபவசாலி பார்த்துத் தருவது, என் ஊகத்தை விட நிச்சயம் மேல். ஆனால் பெரும்பாலும் மாவட்ட அளவில் வரும், எந்தக் கிராமம் என்று சொல்லாது. தாமினி ஆப் இருபது, நாற்பது கிலோமீட்டர் சுற்றளவில் விழுந்த மின்னலைக் காட்டும். ரேடார் நின்றுபோன ராத்திரிகளில் நான் அதைத்தான் பிடித்துக்கொள்கிறேன், மின்னல் வட்டம் எந்தப் பக்கமிருந்து நெருங்குகிறது என்பதே பாதி பதில்.

சரி, முடிவு. படத்தின் தரத்தை ஒப்பிட்டுக்கொண்டிருப்பதை விட, ஆயத்தத்துக்கு உங்களுக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். வாழைக்காரருக்கு ஏக்கருக்கு ஆயிரத்துக்கு மேல் மரம், ஒவ்வொன்றுக்கும் முட்டுக் கொடுக்க நாள்கணக்கில் ஆகும். அவருக்கு ரேடாரும் பிரயோசனம் இல்லை, சேட்டிலைட்டும் இல்லை, குலை தள்ளியதும் கோடை மழைக்கு முன்பே முட்டுக் கொடுத்துவிடுவது ஒன்றுதான் வழி. ஆழ்கடல் படகுக்கு மூன்று நாள் வேண்டும், அது மாடலும் டிவோராக் எண்ணும் சேர்ந்த சமாச்சாரம். பந்தலுக்கு?

முழுத் துணியையும் இறக்க எட்டு ஆள், ஏறக்குறைய இரண்டு மணி நேரம், திரும்பக் கட்ட அதைவிட அதிகம், நடுவில் பெண்வீட்டார் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். இரண்டு மணி நேர முன்னறிவிப்பைத் தரக்கூடியது சேட்டிலைட் மட்டும்தான், அதுவோ நாலு தடவைக்கு இரண்டு தடவை சும்மா பயமுறுத்தும். ரேடார் சரியாகச் சொல்லும், ஆனால் நேரம் போதாது. இந்த இடைவெளியில்தான் நாங்கள் ரொம்ப நாள் மாட்டிக்கொண்டு நின்றோம். வழி கண்டுபிடித்தது மச்சான், நான் இல்லை. பக்கத் துணிகளை மட்டும் சுருட்டிக் கட்டிவிட்டால் காற்று உள்ளே தங்காமல் குறுக்கே ஓடிவிடும், கூரை ஓரளவு தாங்கும், அதற்குப் பதினைந்து நிமிடம் போதும். ஆகவே இப்போது காலையில் மாடலைப் பார்த்து மோசமான நாள் என்றால் நாலு ஆளைச் சாயங்காலம் வரை நிறுத்திவைக்கிறார், முளைக்கயிறை இரட்டையாகக் கட்டுகிறார். மூன்று மணியிலிருந்து இன்சாட் படத்தை நான் பார்க்கிறேன், புதுப் பொட்டு முளைத்து வேகமாகக் குளிர்ந்தால் ஒரு மெசேஜ். ரேடாரில் மழைக்கோடு பந்தலுக்கு 40 கிலோமீட்டருக்குள் வந்தால் பக்கத் துணி சுருட்டல். மிகப் பலமான மழைக்கோடு, முன்னால் வில் மாதிரிக் கோடும் சேர்ந்து தெரிந்தால், ஆட்களை மண்டபத்துக்குள் அனுப்பிவிட்டு மேடைக்கு மேலிருக்கும் துணியை அறுத்தாவது கீழே விடுவது. அந்தக் கடைசிக் கட்டம் இதுவரை ஒரே ஒரு தடவைதான் வந்தது, அந்த வில்லையும், அது பந்தல் வரை எட்டாமல் வழியிலேயே ஓய்ந்துபோனதையும் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு போனில் பார்த்துக்கொண்டிருந்தோம். துணிக்கான காசை மச்சான் என் கணக்கில் எழுதிவைத்திருக்கிறார்.

போன வாரம் உத்திரமேரூரிலிருந்து கூப்பிட்டார். மேற்கே கறுத்திருக்கிறதாம். இப்போதெல்லாம் அவர் "மேகம் எந்தப் பக்கம் போகுது" என்று கேட்பதில்லை. "மாமா, கூரான ஓரம் எந்தப் பக்கம் இருக்கு?"